பழைய பாலிஷ் எதற்குக் கரையும்?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பழைய வீடுகளில் கறுத்துப்போன தேக்கு நாற்காலி ஒன்றாவது இருக்கும். அதைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் முதலில் எடுப்பது உப்புத்தாளைத்தான். எடுக்க வேண்டியதோ கொஞ்சம் பஞ்சும் ஸ்பிரிட் என்னும் ஆல்கஹாலும். மேலே இருப்பது என்ன பூச்சு என்று தெரியாமல் தேய்த்தால், சூட்டில் இளகும் பூச்சு தாளில் அப்பிக்கொள்ளும். தேய்க்கத் தேய்க்க நல்ல மரமும் சேர்ந்து போகும்.

மரப்பூச்சு காய்வதில் இரண்டு வகை உண்டு. அரக்குப் பாலிஷும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரும் கரைப்பான் ஆவியாவதால் காய்பவை. உள்ளே புதிய பிணைப்பு எதுவும் உண்டாவதில்லை. இறுகிப்போன வெல்லப்பாகு தண்ணீரில் மறுபடி கரைவதுபோல, எத்தனை வருடம் ஆனாலும் உரிய கரைப்பான் பட்டால் இவை இளகும். மெலமைன், பாலியூரித்தேன் பூச்சுகளின் கதை வேறு. காயும்போதே மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து வலையாகிவிடும். லாக்கரைக் கரைக்கும் தின்னர்கூட அந்த வலையை அவிழ்க்காது.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? நாற்காலியைக் கவிழ்த்து, கண்ணில் படாத இடத்தில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. அசையவில்லை என்றால் என்.சி. தின்னர். அதற்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் மசியாதது பிணைந்த வகை. அதற்குத்தான் ரிமூவர் என்னும் பூச்சு நீக்கியும் சுரண்டும் தகடும் உப்புத்தாளும். ரிமூவர் பூச்சைக் கரைப்பதைவிட ஊறவைத்து உப்பவைக்கிறது, உப்பியது மரத்தை விட்டுக் கிளம்பும். அதில் மெத்திலீன் குளோரைடு இருந்தால் வீட்டுக்குள் திறக்கவே கூடாது. மூச்சில் போனால் உடம்புக்குள் அது கார்பன் மோனாக்சைடாக மாறும். அமெரிக்காவில் அப்படிப்பட்ட ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்பதை 2019-இல் தடை செய்தார்கள். தின்னர் ஆவி தீப்பற்றும். காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவும். சாமி விளக்கு எரியும் கூடத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

அரக்கு என்பது ஒரு சின்னப் பூச்சி சுரக்கும் பிசின். மாசி, பங்குனியில் செம்மஞ்சளாகப் பூத்து நிற்கும் புரச மரம் அந்தப் பூச்சிக்குப் பிடித்த மரங்களில் ஒன்று. ஸ்பிரிட்டில் இளகிய அரக்கை உடனே துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். துணியை அடிக்கடி மாற்றுங்கள். விட்டால் அது மரத்துளைகளுக்குள் இறங்கி உறையும், அப்புறம் மரத்துக்கு நிறமேற்றப் பூசும் ஸ்டெயின் அங்கே ஏறாமல் திட்டுத் திட்டாக நிற்கும்.

ஸ்டெயினில் நிறமித்தூள் இருந்தால் அது துளைகளிலும் கீறல்களிலும் தங்கும். சாயம் என்றால் மூலக்கூறு அளவில் நாருக்குள்ளேயே ஊறும். அதனால் கடைசியாகத் தேய்க்கும் உப்புத்தாளின் எண் (எண் கூடினால் தாள் நைசு) நிறத்தைத் தீர்மானிக்கிறது: 120-க்குப் பிறகு 180 போதும், 400 வரை போனால் தூள் தங்க இடமில்லாமல் நிறம் வெளிறும். குறுக்கே அறுத்த முனைகளில் நீர்க்குழாய்கள் வாய்திறந்து நிற்பதால் ஸ்டெயினை அதிகம் குடித்துக் கறுக்கும். அங்கே மட்டும் 220 போட்டுத் தேய்த்தால் நிறம் ஒத்துவரும்.

மேலே மறுபடி அரக்குப் பாலிஷ் போடுவதானால் வானிலையைப் பாருங்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமென்றால் அது பூச்சிலேயே படிந்து வெள்ளை பூக்கும். மார்கழிப் பனியில் ஓசூரில் காலையில் பூசினால் இப்படி ஆகலாம். வெயில் ஏறிய பிறகு பூசுங்கள். வெளுத்துவிட்டாலும் உரிக்க வேண்டியதில்லை, ஈரமில்லாத மதியத்தில் ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் ஒருமுறை வருடினால் பூச்சு இளகி, ஈரம் வெளியேறித் தெளிந்துவிடும்.