இற்றுப்போதல்: மூட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக்குக்கு ஒரு சொல்

மொழிபெயர்க்கும்போது ஆங்கிலத்தில் 'டிகிரடேஷன்' என்று பார்த்ததும் நம் கை தானாகவே 'சிதைவு' என்று எழுதிவிடுகிறது. பிணமும் சிதைகிறது, சிலையும் சிதைகிறது, பண்பாடும் சிதைகிறது. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல் எதையும் துல்லியமாகச் சொல்வதில்லை. இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் பொருத்துகிற பிளாஸ்டிக் கிண்ணம் பழுதாவதை எழுதும்போது இந்தக் குறை நன்றாகவே தெரிகிறது.

மூலச் சொல் லத்தீன். 'டி' என்றால் கீழே, 'கிராடுஸ்' என்றால் படி. ஆக, படியிறக்கம். ஆரம்பத்தில் இது மனிதர்களுக்கான சொல்: மதகுரு ஒருவரின் பதவியைப் பறித்துக் கீழே இறக்குவதைக் குறித்தது. (படித்து வாங்குகிற 'டிகிரி'யும் இதே வேரில் பிறந்ததுதான்.) பிற்பாடு வேதியியல் இதை எடுத்துக்கொண்டது. நீளமான மூலக்கூறு அறுந்து குட்டையாவது அங்கே படியிறக்கம்.

சரி, கிண்ணத்துக்கு என்னதான் ஆகிறது? அது ஒருவகைப் பாலிஎத்திலீன். மூலக்கூறு எடை பல பத்து லட்சங்களில் இருக்கும், அவ்வளவு நீளமான சங்கிலிகள். அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி 1962-இல் இங்கிலாந்தில் இதை இடுப்பு மூட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் அவர் பயன்படுத்திய டெஃப்ளான் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து கைவிட்டுவிட்டது. நெசவு இயந்திரங்களின் பல்சக்கரத்துக்குப் பயன்பட்ட பிளாஸ்டிக்தான் மனித இடுப்புக்குள் போனது.

கிருமி நீக்குவதற்காகக் கிண்ணத்தின் மீது காமா கதிரைப் பாய்ச்சுவது வழக்கம். கிருமி சாகும், கூடவே சங்கிலிகளும் ஆங்காங்கே அறும். அறுந்த முனைகள் சும்மா இருப்பதில்லை, ஆக்சிஜன் கிடைத்தால் பிடித்துக்கொள்கின்றன. காற்றோடு சேர்த்து உறையிட்டிருந்தால் அலமாரியிலேயே வேலை தொடங்கிவிடும். உடம்புக்குள் போனபிறகும் நிற்காது. பழைய கிண்ணத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேற்பரப்புக்குச் சற்று கீழே, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், வெள்ளையாக ஒரு பட்டை ஓடும். ஆக்சிஜனேற்றம் உச்சத்தில் இருக்கும் இடம் அது. மேலே பார்க்க ஒன்றும் தெரியாது. உள்ளே மொறுமொறுவென்று ஆகியிருக்கும்.

இதற்கு 'மக்குதல்' பொருந்தாது. மக்குவதென்றால் நுண்ணுயிரி தின்று மண்ணாக்குவது. இங்கே தின்ன யாரும் இல்லை. 'தேய்தல்' உண்மையில் நடக்கிறது, ஆனால் அது வேறு சங்கதி. தொடையெலும்பின் தலைக்குப் பதிலாகக் கிண்ணத்துக்குள் சுழலும் செயற்கைப் பந்து உரசி உரசி ஆண்டுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் போவது பழைய பாலிஎத்திலீனில் சாதாரணம். அந்தத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியவை. விழுங்கு செல்கள் அவற்றை விழுங்கிவிட்டுச் செரிக்க முடியாமல் அழற்சிச் செய்தி அனுப்ப, எலும்பைக் கரைக்கும் செல்கள் கிளம்பிவிடுகின்றன. பிளாஸ்டிக் தேய, எலும்பு கரைகிறது. நாம் பேச்சில் இரண்டையும் சேர்த்து 'மூட்டு தேஞ்சுபோச்சு' என்று முடித்துவிடுகிறோம்.

வெயிலில் பல வருஷம் கிடந்த பிளாஸ்டிக் வாளியை நினைத்துப் பாருங்கள். உருவம் அப்படியே இருக்கும். தூக்கினால் விளிம்பு கையோடு வந்துவிடும். 'இத்துப்போச்சு' என்கிறோம். அதுதான் சொல்! எழுத்தில் இற்றுப்போதல், வேர் 'இறு'. முறிவது, முடிவது என்று பொருள். 'இறுதி'யும் இதன் பிள்ளைதான். 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்கிறது 475-ஆவது குறள். மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் அளவுக்கு மீறினால் அச்சு இறும், அதாவது முறியும். பழைய இலக்கியத்தில் முறிவது முன்னால் நிற்கிறது. இன்றைய பேச்சில், முறிவதற்கு முன் உள்ளூர வலுவிழப்பதும் சேர்ந்துவிட்டது. கிண்ணத்துக்கு இரண்டும் வேண்டும்: முதலில் வலுவிழக்கிறது, பிறகு ஒருநாள் விரிசல் விடுகிறது.

ஒரு சின்னச் சிக்கல். நிகழ்காலத்தில் 'இறுகிறது' என்று எழுதினால் 'இறுகுகிறது' என்றே கண் படிக்கும், பொருள் தலைகீழாகிவிடும். அதனால் 'இற்றுப்போகிறது' என்றே எழுதலாம். கலைச்சொல்லாக வேண்டுமென்றால் 'ஆக்சிஜனால் இற்றுப்போதல்'. நீளம்தான், ஆனால் காரணமும் விளைவும் அதிலேயே இருக்கின்றன. 'ஆக்சிஜனேற்றச் சிதைவு' என்று எழுதுவோருடன் நான் சண்டைக்கு வரவில்லை, வாளி கண்முன் வராது என்பதுதான் குறை.

1990-களின் நடுவிலிருந்து காற்றை நீக்கி, நைட்ரஜன் போன்ற வாயுவில் உறையிடும் பழக்கம் பரவியது. அப்புறம் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்த பாலிஎத்திலீன் வந்தது, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க வைட்டமின் ஈ கலந்ததும் வந்தது. தேய்வு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் உடம்பின் கொழுப்பு பிளாஸ்டிக்குள் ஊறி அங்கேயும் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டலாம். பந்து மூடியிருக்கும் உட்பகுதி ஓரளவு தப்பிக்க, உடல்நீர் படுகிற விளிம்புதான் அதிகம் இற்றுப்போகிறது, வாளியைப் போலவே. அறுவை செய்து வெளியே எடுத்த கிண்ணமும் காற்றில் வைத்தால் தொடர்ந்து இற்றுப்போகும் என்பதால், ஆய்வாளர்கள் அதைச் சோதிக்கும்வரை உறைநிலையில் வைக்கிறார்கள்.