கார்னர் சைட்டில் ஜிம்: கண்ணாடிக்கு முன்னால் தரையைப் பாருங்கள்

ஜிம் கட்ட வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் போனில் ஒரு படத்தோடுதான் வருவார்கள். ரோட்டைப் பார்த்துத் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, அதன் பின்னால் வரிசையாக டிரெட்மில்கள், உள்ளே ஊதா வெளிச்சம். இரண்டு வருடம் முன்பு கோவையின் வடக்குப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அப்பாவும் மகனும் காட்டியதும் அப்படி ஒரு படம்தான். மகன் ஐந்தாறு வருடமாக வாடகைக் கட்டடத்தில் ஜிம் நடத்துகிறவர். அப்பா பவர்லூம் வைத்திருந்தவர். தறிகளை விற்ற பணத்தில் இடம் வாங்கியிருந்தார்கள்.

"கார்னர் சைட்டுங்க சார். ரெண்டு பக்கமும் ரோடு. முனையில முழுக்க கண்ணாடி வெச்சிட்டா வேற போர்டே வேண்டாம்" என்றார் மகன். அப்பா வெகுநேரம் எதுவும் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், "கன்னி மூலையில பாரம் இருக்கோணும், அதை மட்டும் பார்த்துக்குங்க" என்றார்.

மனை 11 சென்ட். மேற்கே 40 அடி ரோடு, தெற்கே 30 அடி ரோடு. இரண்டும் சேரும் முனைதான் கன்னி மூலை. ஆக, மகன் கண்ணாடி கேட்ட இடமும் அப்பா பாரம் கேட்ட இடமும் ஒன்றே. அதை எப்படித் தீர்த்தோம் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் தரை. ஜிம் விஷயத்தில் நான் பார்த்த பெரிய தவறுகள் எல்லாம் தரையில்தான் நடந்திருக்கின்றன.

சில வருடங்களுக்கு முன் ஒரு கட்டடத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். குடியிருக்கக் கட்டிய முதல் மாடியை ஜிம்முக்கு வாடகைக்கு விட்டிருந்தார் உரிமையாளர். கீழே ஒரு தையல் கடை. நான் போய் நின்ற பத்து நிமிடத்துக்குள் மேலே யாரோ டெட்லிஃப்ட் முடித்து பார்பெல்லைக் கீழே விட்டார். கடையின் சீலிங் ஃபேன் தண்டோடு ஒரு முறை ஆடியது. தையல்காரம்மா எதுவும் சொல்லாமல், வெட்டி வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்து ஒரு உதறு உதறினார். சிமென்ட் பூச்சின் துகள் பறந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை உதறுவீர்கள் என்று கேட்டேன். சாயங்காலம் எண்ண முடியாது என்றார்.

இதில் மர்மம் ஏதும் இல்லை. வீட்டு ஸ்லாப்பை வடிவமைக்கும்போது ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ நடமாடும் பாரம் என்று எடுத்துக்கொள்கிறோம். கட்டில், பீரோ, விருந்தாளி எல்லாம் அதற்குள் அடக்கம். இப்போது ஒரு டம்பெல் ஸ்டாண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டரை கிலோவில் ஆரம்பித்து 30 கிலோ வரை, இரண்டரை இரண்டரையாகக் கூடும் பன்னிரண்டு ஜோடி. கூட்டினால் 390 கிலோ. ஸ்டாண்டையும் சேர்த்தால் அரை டன் பக்கம் வரும். அது நிற்கும் இடம் எட்டடிக்கு இரண்டடி, அதாவது ஒன்றரை சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 330 கிலோ ஆகிவிட்டது. இன்னும் யாரும் எடையைத் தூக்கவே ஆரம்பிக்கவில்லை! தூக்கியதைக் கீழே போடும்போது தரையில் விழும் அடி அந்த எடையைப் போலப் பல மடங்கு. எங்கள் அலுவலகத்தில் ஜிம் தளம் என்றால் சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று வைத்துத்தான் கணக்கை ஆரம்பிக்கிறோம். ஏற்கனவே கட்டிய மாடியை வாடகைக்கு எடுப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கைக் கேளுங்கள். இல்லை என்றால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்துப் போய்க் காட்டுங்கள். அவருடைய ஃபீஸ் ஒரு டிரெட்மில் விலையில் சிறு பங்குகூட இருக்காது.

எடையை விடவும் ஏமாற்றக்கூடியது ஆட்டம். 2011 ஜூலை 5 அன்று தென்கொரியாவின் சியோலில் டெக்னோமார்ட் என்ற 39 மாடிக் கட்டடத்தின் மேல்மாடிகள் பத்து நிமிடம் போல ஆடின. ஆட்களை எல்லாம் வெளியேற்றினார்கள். நிலநடுக்கம் இல்லை. விசாரித்ததில், 12ஆவது மாடி ஜிம்மில் 17 பேர் ஒரே தாளத்தில் டே போ (குத்தும் உதையும் கலந்த ஏரோபிக்ஸ்) பயிற்சி செய்ததுதான் காரணம் என்று தெரிந்தது. அவர்கள் குதித்த வேகமும், கட்டடம் இயல்பாக மேலும் கீழுமாக அதிரும் வேகமும் ஒத்துப்போய்விட்டன. ஊஞ்சலைச் சரியான சமயத்தில் தள்ளினால் குழந்தைகூடப் பெரியவரை ஆட்டிவிடும் அல்லவா, அந்தக் கதைதான். சும்பா நடனப் பயிற்சியின் பாட்டும் நிமிடத்துக்கு 130, 150 தாளம் என்று ஓடுகிறது. முப்பது பேர் அதே தாளத்தில் குதிப்பார்கள். அந்த ஹாலில் நடுவில் தூண் வேண்டாம், 40 அடி வெற்றிடமாக இருக்கட்டும் என்று கேட்பார்கள். கேட்கலாம், ஆனால் அந்தத் தரை விறைப்பாக இருக்க பீம் எவ்வளவு ஆழம் வேண்டும் என்று தெரிந்ததும் பாதிப் பேர் தூணை ஒப்புக்கொள்வார்கள்.

கோவை ஜிம்முக்கு எடைப் பயிற்சி அறையைத் தரைத்தளத்தில் மண் மேலேயே வைத்தோம். கெட்டிப்படுத்திய மண், அதன் மேல் காங்கிரீட், பார்பெல் விழும் இடத்தில் மட்டும் 50 மில்லிமீட்டர் ரப்பர். கீழே யாரும் இல்லை, அதிர ஸ்லாப்பும் இல்லை. சிக்கல் என்னவென்றால், தரைத்தளத்தைத்தான் பார்க்கிங்கும் கேட்கும். முழுத் தரைத்தளத்தையும் ஸ்டில்ட்டாக, அதாவது தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த தளமாக விட்டு ஜிம்மை மாடிக்குத் தள்ளுவதுதான் வழக்கம். நாங்கள் பாதிப் பாதியாகப் பிரித்தோம்: கிழக்கில் வண்டிகள், மேற்கில் எடைகள். முதல் மாடியில் டிரெட்மில், சைக்கிள் எல்லாம். அதற்கு மேல் சும்பா ஹால், 15 அடிக்கு ஒரு தூண் வரிசையோடு. மகனுக்கு அந்தத் தூண்கள் இன்றும் பிடிக்காது.

அடுத்தது வெப்பம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் 100 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியே விடுகிறார். தீவிரமாகப் பயிற்சி செய்யும்போது அது 500 வாட்டைத் தாண்டும். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடியது 3.5 கிலோவாட். அப்படியானால் ஆறேழு பேர் வியர்க்க வியர்க்க ஓடினாலே ஒரு டன் காலி. சாயங்காலம் ஆறு மணிக்கு முப்பது பேர் என்றால் ஆட்களுக்கு மட்டும் நாலரை டன். மகன் மொத்தத்துக்கும் சேர்த்தே ஆறு டன்தான் போட்டு வைத்திருந்தார், அதுவும் ஒரு துணிக்கடைக் கணக்கைப் பார்த்து.

அந்தக் கணக்கில் அவர் கேட்ட மேற்குக் கண்ணாடியைச் சேர்த்துப் பாருங்கள். 40 அடி நீளம், 10 அடி உயரம், ஏறத்தாழ 37 சதுர மீட்டர். வானம் தெளிவாக இருக்கும் நாளில், மாலை நாலு மணிக்குச் சாதாரணக் கண்ணாடி ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 500 வாட் போல உள்ளே விடும். 18 கிலோவாட். ஐந்து டன் ஏசி, வெயிலுக்கு மட்டும்! ஜிம்மில் கூட்டம் சேருவது சாயங்காலம். வெயில் சாய்ந்து உள்ளே வருவதும் அப்போதுதான். மேற்கு வெயிலுக்கு சன்ஷேட் உதவாது, அது தாழ்வாக நேரே முகத்துக்கு வரும். தெற்கு வெயில் அப்படி இல்லை. கோவையில் மார்கழி மாத நடுப்பகலில்கூட அது 55 டிகிரி உயரத்தில் நிற்கும். மூன்றடி சன்ஷேட்டே வருடத்தின் பல மாதங்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

இதை எல்லாம் பேப்பரில் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது அப்பா மறுபடி, "அப்ப அந்த மூலையில செவுரு வந்துருமுங்களா?" என்றார். வந்துவிட்டது. மாடிப்படி, அதன் தலையில் தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றையும் தென்மேற்கு மூலையில் ஒரு கோபுரம் போல அடுக்கினோம். வாஸ்துவில் எனக்குப் பெரிய பிடிப்பு கிடையாது, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அப்பா சொன்னதும் சூரியன் சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. மேற்குச் சுவரில் கண்ணாடிக்குப் பதில் சுட்ட மண் ஜாலி, அதாவது காற்று போகத் துளைகள் விட்ட சுவர். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அதில் நேராக நுழைகிறது. காலை பேட்ச்சுக்கு அந்த மாதங்களில் ஏசியே போடுவதில்லை. (ஸ்ப்ளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. ஜிம் வாசனை என்று சொல்வது அதுதான்.) மகனுடைய கண்ணாடி தெற்குப் பக்கம் முதல் மாடிக்குப் போனது, டிரெட்மில்களோடு. 40 அடி ரோட்டில் வருகிறவர்களுக்குக் கோபுரச் சுவரில் ஆளுயர எழுத்தில் பெயர்.

கண்ணாடியை மாடிக்கு அனுப்ப இன்னொரு காரணமும் இருந்தது. வரைபடம் ஆரம்பிக்கும் முன் மகனை அழைத்துக்கொண்டு அவருடைய பழைய ஜிம்முக்கு எதிரே இருந்த டீக்கடையில் ராத்திரி ஏழரை மணிக்கு உட்கார்ந்தேன். கண்ணாடியில் அவர் ஒட்டியிருந்த ரிஃப்ளெக்டிவ் ஃபிலிம் பகலில் நன்றாகத்தான் மறைத்தது. இருட்டியதும் கதை தலைகீழ்: வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் தெரியும். உள்ளே விளக்கு, வெளியே இருட்டு. அதோடு எதிர்ச் சுவர் முழுக்க, பயிற்சி செய்கிறவர்கள் தங்களைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடி. நேரே தெரியாத மூலையில் பெண்கள் பாய் விரித்து ஸ்ட்ரெச்சிங் செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் பயிற்சிக் கண்ணாடியின் பிம்பத்தில் டீக்கடை பெஞ்சுக்கு அது அப்படியே தெரிந்தது. பெஞ்சில் எங்களோடு இன்னும் நாலு பேர். மகன் டீயைப் பாதியில் வைத்துவிட்டார். லேடீஸ் பேட்ச் ஏன் ரெண்டு மாசத்துக்கு மேல நிக்கறதில்லைன்னு யோசிச்சுட்டே இருந்தேங்க சார் என்றார். கார்னர் சைட்டில் இரண்டு ரோட்டிலிருந்தும் பார்வை வரும். கண்ணாடி மாட்டும் முன் இரண்டு ரோட்டிலும் போய் நின்று பாருங்கள், அதுவும் விளக்குப் போட்ட பிறகு.

சின்ன விஷயங்கள் சில. பயிற்சிக் கண்ணாடி தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் ஆரம்பிக்கட்டும். பெரிய பிளேட்டின் விட்டமே 45 சென்டிமீட்டர், சாய்த்து வைத்தால் முதலில் உடைவது கண்ணாடிதான். டிரெட்மில்லுக்குப் பின்னால் இரண்டு மீட்டர் காலியாக இருக்க வேண்டும். விழுகிறவர் பின்னால்தான் விழுவார். பத்தடி ஸ்லாப்பில் சீலிங் ஃபேன் மாட்டி, அதற்குக் கீழே பார்பெல்லைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லாதீர்கள். வாசலில் படி ஒன்றரை அடி உயரம் என்றால் சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும். அதற்கு இடம் கடைசியில் தேடினால் கிடைக்காது.

இனி நான் செய்த தவறு. ரோடுகள் சேரும் முனையை மடக்கி வெட்டி ஸ்பிளே விடச் சொல்கிறது விதி, திரும்பும் வண்டிக்கு எதிரே வருவது தெரிய வேண்டும் என்பதற்காக. விட்டோம். வண்டி கேட்டை முனையிலிருந்து தள்ளி, 30 அடி ரோட்டின் கிழக்குக் கோடியில் வைத்தோம். ஒரு பேட்ச்சுக்கு முப்பது பேர் என்று பைக் பார்க்கிங்கும் முப்பதுக்குத்தான் கணக்குப் போட்டேன். ஆறு மணி பேட்ச் கிளம்புவதற்குள் ஏழு மணி பேட்ச் வந்துவிடும் என்பது எனக்குத் தோன்றவில்லை. திறந்த முதல் வாரமே மீதி பைக்குகள் எல்லாம் ஸ்பிளேயில் நின்றன. நான் விட்டுவைத்த காலி இடம்தான் அந்த முனையிலேயே எதிரே எதுவும் தெரியாத இடமாக மாறியது. ஒரு சாயங்காலம் ஸ்கூட்டரில் திரும்பிய ஒருவர் டவுன் பஸ்ஸுக்கு மிக அருகில் வந்து பிரேக் பிடித்தார்.

பேட்ச்சுகளுக்கு நடுவே கால் மணி நேரம் இடைவெளி விடச் சொன்னேன். ரோட்டு ஓரத்தில், எங்கள் எல்லைக்குள், பார்வையை மறைக்காத ஓரடி உயரக் கருங்கற்களை வரிசையாகப் பதித்தோம். இப்போது பைக்குகள் ஏறுவதில்லை. ஏழு மணிக்கு வருகிறவர்கள் அந்தக் கல்லில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.