சொல் விளக்கம்: உடன்பொதிந்த இயக்கச்சூழல்

மேசைக்கணினிச் செயலியையும் அது ஓடுவதற்குத் தேவையான ரன்டைமையும் ஒரே பொதியாகக் கொடுக்கும் முறை இன்று எங்கும் பரவிவிட்டது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மென்பொருள் எழுதுகிறவர்களும் கற்பிக்கிறவர்களும் அதை இன்னும் ‘பண்டில்டு ரன்டைம்’ என்றே சொல்லி வருகிறோம். மாணவர் அதை எழுதிக்கொள்கிறார், தேர்விலும் எழுதுகிறார். ஆனால் அது எதைக் குறிக்கிறது என்று கேட்டால் தடுமாறுகிறார். தடுமாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் அந்த இரண்டாவது சொல்.

ரன் டைம் என்பது முதலில் நேரத்தை மட்டுமே குறித்தது. எழுதிய செய்நிரலைத் தொகுப்பி (கம்பைலர்) கணினிக்கு ஏற்ற வடிவுக்கு மாற்றிக்கொடுக்கும் நேரம் ஒன்று, அது கணினியில் ஓடும் நேரம் வேறொன்று. பின்னதுதான் ரன் டைம். ‘ரன்டைம் எரர்’ என்பதில் இன்றும் அந்தப் பழைய பொருளே நிற்கிறது. அதை இயக்கநேரப் பிழை என்பது மிகச் சரி. பிறகு, செய்நிரல் ஓடும்போது அதற்குத் துணைநிற்கும் நிரலகங்களை ‘ரன்டைம் லைப்ரரி’ என்றும் ‘ரன்டைம் சிஸ்டம்’ என்றும் அழைத்தார்கள். நாளடைவில் பின்பாதி உதிர்ந்தது. நேரத்தின் பெயர் ஒரு பொருளின் பெயராயிற்று.

இதைக் கவனிக்காமல் எல்லா இடத்திலும் ‘இயக்க நேரம்’ என்று பெயர்த்தால் என்ன ஆகும்? “முதலில் இயக்க நேரத்தை நிறுவுங்கள்” என்ற வாக்கியம் பிறக்கும். நேரத்தை எப்படி நிறுவுவது? பொருளைக் குறிக்கும் இடத்தில் இயக்கச்சூழல் என்பதே பொருந்தும். ஜாவா என்ற நிரல்மொழியை எடுத்துக்கொண்டால், தொகுப்பி உருவாக்குவது கணினிச் சில்லுக்கு நேரடியாக விளங்கும் கட்டளை அன்று, பைட்கோட் எனப்படும் இடைநிலை வடிவம். அதை இயக்க ஒரு மெய்நிகர் இயந்திரம் வேண்டும், பயன்பாடு முடிந்த நினைவகத்தை மீட்டெடுக்கும் பகுதி வேண்டும், கோப்பு, வலையமைப்பு, எழுத்துரு ஆகியவற்றைக் கையாளும் அடிப்படை நிரலகங்கள் வேண்டும். இவை எல்லாம் சேர்ந்ததுதான் இயக்கச்சூழல்.

1995இல் வெளிவந்த ஜாவா, ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்ற வாக்குறுதியோடு வந்தது. எங்கும் ஓட, எங்கும் ஜாவா இருக்கவேண்டும். அதை நிறுவும் பொறுப்பு நெடுங்காலம் பயனரின் தலையில் இருந்தது. கல்முனையில் ஒரு பாமசிக்குக் கணக்கு மென்பொருள் நிறுவப் போகிறவர், அந்தக் கணினியில் ஜாவா இருக்கிறதா, எந்தப் பதிப்பு, வேறொரு மென்பொருள் பழைய பதிப்பை நம்பி இருக்கிறதா என்றெல்லாம் பார்த்த பிறகே தம் வேலையைத் தொடங்க முடியும். இணைப்பு மெதுவான ஊரில், கணினி நுட்பம் தெரியாத கடைக்காரரிடம், “நீங்களே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்வது நியாயமே இல்லை.

நிலைமை படிப்படியாக மாறியது. 2017இல் வந்த ஜாவா 9, செயலிக்குத் தேவையான கூறுகளை மட்டும் தெரிந்தெடுத்துச் சிறிய இயக்கச்சூழல் ஒன்றை ஆக்கித்தரும் ஜேலிங்க் கருவியைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வந்த ஜாவா 11 முதல், புதிய பதிப்புகளுக்குப் பயனருக்கான தனி இயக்கச்சூழலை வெளியிடுவதை, ஜாவாவை வெளியிடும் ஆரக்கிள் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. 2021இல் ஜாவா 16உடன் ஜேபேக்கேஜ் நிலையான கருவியாயிற்று. விண்டோசுக்கும் மேக்கிற்கும் லினக்சுக்கும் உரிய நிறுவற்பொதிகளை அது உருவாக்கும். ஆனால் விண்டோசுக்கான பொதியை விண்டோசில்தான் உருவாக்கவேண்டும், மேக்கிற்கானதை மேக்கில்தான். பைத்தான் மொழியில் எழுதிய செயலியோடு அதன் இயக்கச்சூழலைச் சேர்த்துப் பொதியாக்க பைஇன்ஸ்டாலர் உதவுகிறது. வலை நுட்பங்களால் மேசைக்கணினிச் செயலி எழுத உதவும் சட்டகமாக 2013இல் தொடங்கிய எலக்ட்ரான் ஒரு படி மேலே போய், குரோமியம் உலாவியையும் ஜாவாஸ்கிரிப்ட் இயக்கச்சூழலான நோட் ஜேஎஸ்ஸையும் ஒவ்வொரு செயலிக்குள்ளும் வைத்துவிடுகிறது.

இனிப் பண்டில். கட்டுதல் என்ற வினையோடு உறவுடைய ஆங்கிலச் சொல் அது. ‘கட்டு’, ‘மூட்டை’, ‘தொகுப்பு’ என்றெல்லாம் அதைத் தமிழாக்குகிறார்கள். தொகுப்பு என்பதை நான் ஏற்கமாட்டேன். கம்பைலர் ஏற்கெனவே தொகுப்பியாக இருக்கும்போது, அதே வேரை இன்னொரு செயலுக்கும் கொடுத்தால் ஒரே பாடத்தில் இரண்டு தொகுத்தல்கள் மோதும். நம்மிடம் பொதி என்ற அருமையான சொல் இருக்கிறது. வெள்ளம் வந்தால் உலருணவுப் பொதி வழங்குகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர் பயணப்பொதியோடு இறங்குகிறார். பழமைக்கும் குறைவில்லை: ‘பொறுத்தாரைப் பொன்போற் பொதிந்து’ என்கிறது 155ஆம் குறள். பேணி உள்ளே வைத்துக் காப்பது என்ற பொருள் அந்த வினையிலேயே இருக்கிறது. ஆகவே பேக்கேஜ் பொதி, பேக்கேஜிங் பொதியாக்கம்.

அப்படியானால் பண்டில் செய்வதை உட்பொதித்தல் எனலாமே என்று தோன்றும். கூடாது. அந்தச் சொல் எம்பெட் என்பதற்கு நிலைத்துவிட்டது. உட்பொதிந்த முறைமை என்றால் சலவை இயந்திரத்துக்குள் இருக்கும் கணினி. இங்கே இயக்கச்சூழல் செயலிக்குள் கரைந்துவிடுவதில்லை. ஜேபேக்கேஜ் ஆக்கிய செயலியை நிறுவிய கோப்புறையைத் திறந்தால், ரன்டைம் என்ற பெயரிலேயே தனிக் கோப்புறை இருக்கும். கூட வருகிறது, கலந்துவிடுவதில்லை. அதனால் உடன்பொதித்தல் என்கிறேன். உடன்பிறப்பில் உள்ள அதே ‘உடன்’தான். உகந்தையிலிருந்து குமுக்கன் ஆற்றைக் கடந்து கதிர்காமத்துக்குக் காட்டுவழி நடக்கும் அடியார், வழியில் கடை இல்லை என்று அறிந்து அரிசியும் பருப்பும் தம்மோடு சுமந்து போவதைப் போன்றது இது.

சுமையின் விலையையும் சொல்லவேண்டும். எலக்ட்ரானில் எழுதிய மிகச் சிறிய செயலியும் நூறு மெகாபைட்டைத் தாண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் பாதுகாப்பு. 2023 செப்டெம்பரில், வெப்பி என்ற பட வடிவத்தைக் கையாள குரோமியம் முதலிய உலாவிகள் பயன்படுத்தும் நிரலகத்தில் கடுமையான ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. உலாவியைப் புதுப்பித்தால் உலாவி மட்டுமே காப்பாற்றப்பட்டது. குரோமியத்தை உடன்பொதிந்த செயலிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே புதுப்பிக்கப்படவேண்டி வந்தது. பணிசெயல் முறைமை அதைச் செய்துதராது. பொதி செய்தவர்தான் செய்யவேண்டும். கடைக்கு ஒருமுறை நிறுவிக்கொடுத்துவிட்டு மறந்துபோகிற வழக்கம் இந்த முறையோடு ஒத்துவராது.

கல்விக் குறிப்பிலும் மென்பொருள் ஆவணத்திலும் இப்படி எழுதலாம்: பயனரின் கணினியில் உள்ளதை நம்பி இருப்பது சார்நிலைப் பொதி. தன்னோடு கொண்டுவருவது உடன்பொதிந்த பொதி. வினையாக, “இச்செயலியில் ஜாவா 21 இயக்கச்சூழலை உடன்பொதித்துள்ளோம்” என்று வரும். பதிப்பு எண்ணை விடாமல் எழுதவேண்டும். அது தெரிந்தால்தான், ஓட்டை பற்றிய அறிவிப்பு வரும் நாளில், எந்தக் கடைக்கு, எந்தப் பள்ளிக்குப் புதிய பொதி அனுப்புவது என்று பார்க்க முடியும்.