எம்ஆர்ஐ அப்புறம் பார்க்கலாம், முதலில் கைக்கடிகாரத்தைக் காட்டுங்கள்

தீபாவளி முடிந்தால் போதும், எங்கள் பிசியோதெரபி கிளினிக்குக்கு ஒரு தனிக் கூட்டம் வரத் தொடங்கிவிடும். ஜனவரி தொடக்கத்தில் சென்னை மாரத்தான். ஆடி, ஆவணியில் உற்சாகமாகப் பெயர் கொடுத்தவர்களுக்குக் கார்த்திகையில் முழங்கால் வலி. போன வாரம் வந்தவர் நாற்பதைத் தாண்டிய ஐடி ஊழியர். முதல் முழு மாரத்தான், 42.195 கிலோமீட்டர். கையில் எம்ஆர்ஐ உறை, காலில் இறுக்கிப் பிடித்த ‘நீ கேப்’ (முழங்கால் உறை), பையில் வலி மாத்திரை அட்டை. ஞாயிறுதோறும் கிளம்பும் முன் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓடியிருக்கிறார். “தேய்மானம்னு ரிப்போர்ட்ல வந்திருச்சு மேடம். இனிமே ஓடவே கூடாதுன்னு வீட்ல சொல்றாங்க. இந்த ஒரு மாரத்தானை மட்டும் எப்படியாவது முடிச்சிட்டு நிறுத்திடறேன்” என்றார்.

இதே பேச்சை ஒவ்வொரு வருடமும் கேட்டுச் சலித்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஓடினால் மூட்டு தேயும், தேய்ந்த மூட்டோடு ஓடினால் சீக்கிரமே ஆபரேஷன்தான் என்று ஊரே நம்புகிறது. காலையில் பூங்காவில் நடக்கும் பெரியவர்கள் சொல்கிறார்கள், மாமியார் சொல்கிறார், சில சமயம் மருத்துவரும் சொல்லிவிடுகிறார். முழங்கால் கார் டயர் இல்லை. இத்தனை கிலோமீட்டர்தான் தாங்கும் என்று எழுதிக்கொண்டு அது வரவில்லை. மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய ஊட்டம் மூட்டுத் திரவத்திலிருந்துதான் வரவேண்டும், அந்தத் திரவம் உள்ளே போய்வர, மூட்டு அழுந்தி விடுபட வேண்டும். நாள் முழுக்க நாற்காலியில் மடக்கி வைத்த முழங்காலுக்கு அது கிடைப்பதில்லை.

2017-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், இடுப்பு மற்றும் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உடல்நலத்துக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதத்தினருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதத்தினருக்கும் இருந்தது. தொழில்முறைப் போட்டி ஓட்டக்காரர்களில் மட்டும் 13.3 சதவீதம். மூட்டு கெட்டவர்கள் ஓடுவதையே விட்டிருக்கலாம், அதனால் ஓடினால் தேய்மானமே வராது என்று இதை வைத்து நான் சொல்லமாட்டேன். ஆனால் வாரம் நான்கு நாள் ஓடும் சாதாரண ஆளின் மூட்டு ஓட்டத்தாலேயே கரைகிறது என்று சொல்லவும் இதில் இடமில்லை.

அப்படியானால் ரிப்போர்ட்டில் வந்தது? 2020-ல் லண்டனில் முழங்கால் வலியே இல்லாத, உடற்பயிற்சியும் செய்யாத 115 நடுத்தர வயதினரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 97 சதவீத முழங்கால்களில் ஏதோ ஒரு கோளாறு தெரிந்தது. 30 சதவீதத்தில் ஜவ்வுக் கிழிசலே இருந்தது. வலி என்று ஒரு நாளும் சொல்லாதவர்கள் அவர்கள்! நாற்பது வயதில் படம் எடுத்தால் ஏதாவது தெரியத்தான் செய்யும். தலையில் நரை தெரிவது மாதிரி முழங்காலிலும் வயது தெரியும். அந்தத் தாளைப் படித்துவிட்டு மாடிப்படி ஏறவே பயப்படுகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் வலிக்கும் படத்தில் உள்ளதற்கும் தொடர்பு உண்டா என்பது காலைத் தொட்டு, அசைத்து, நடக்க வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அவரிடம் எம்ஆர்ஐயை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தில் பதிவான ஓட்டக் கணக்கைக் கேட்டேன். அக்டோபரில் ஞாயிறு ஓட்டம் 14, 15, 16 கிலோமீட்டர் என்று ஒழுங்காக ஏறியிருந்தது. அப்புறம் மழை. இரண்டு வாரம் ஓட்டமே இல்லை. வெயில் எட்டிப் பார்த்த முதல் ஞாயிறு, குழுவோடு சேர்ந்து நேராக 25. வலி தொடங்கியது அதற்கு அடுத்த நாள். ரிப்போர்ட்டில் உள்ள தேய்மானம் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்திருக்காது. வலியைக் கிளப்பியது 16-லிருந்து 25-க்குத் தாவிய தாவல்தான்.

5,200-க்கும் அதிகமான ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து 2025-ல் வெளியான ஆய்வும் இதைத்தான் காட்டுகிறது. கடந்த 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட ஒரே ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டியவர்களுக்குக் காயம் அதிகம். மழையில் விட்டதை ஒரே ஞாயிற்றில் பிடிக்க முடியாது. தயவுசெய்து முயற்சி செய்யாதீர்கள். விட்ட இடத்திலிருந்துகூட அல்ல, அதற்கும் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குங்கள்.

அடுத்து அவரை ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நிற்க வைத்து, மற்ற குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கச் சொன்னேன். இடது காலில் நின்றபோது சரியாக இருந்தது. வலது காலில் நின்றபோது முழங்கால் பெருவிரலையும் தாண்டி உள்பக்கமாகச் சாய்ந்தது, தொடை நடுங்கியது, இடுப்பு ஒரு பக்கம் தொங்கியது. கொஞ்ச நேரத்திலேயே என் தோளைப் பிடித்துக்கொண்டார். முட்டிச் சில்லைச் சுற்றி வலி, படி இறங்கும்போது அதிகம், சினிமா தியேட்டரில் உட்கார்ந்து எழுந்தால் பிடிக்கும் என்றால் பெரும்பாலும் இவருக்கு வந்த ரகம்தான். முழங்காலின் வெளிப்பக்கத்தில், குறிப்பிட்ட கிலோமீட்டர் தாண்டியதும் வலி என்றால் அது தொடையின் வெளிப்பக்கப் பட்டையைச் சேர்ந்த விஷயம். (அதன்மேல் ஃபோம் ரோலர் என்ற உருளையைப் போட்டுக் கண்ணில் நீர் வர உருட்டுவதால் அந்தப் பட்டை நீண்டுவிடாது.) இரண்டுக்கும் வைத்தியம் பெரும்பாலும் தூரத்தைக் குறைப்பதும் தொடையையும் இடுப்பையும் பலப்படுத்துவதும்தான். முழங்கால் வலி என்று வருகிறவரின் இடுப்பு மூட்டையும் நான் பார்க்காமல் அனுப்பமாட்டேன். அங்கே உள்ள கோளாறு முழங்காலில் வலியாகத் தெரிவதுண்டு.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். வலி மறைந்துவிட்டால் எங்கே நிறுத்துவது என்று உங்களுக்கே தெரியாது. அதைவிட முக்கியம் சிறுநீரகம். சென்னைப் புழுக்கத்தில் மூன்று, நான்கு மணி நேரம் வியர்த்து, உடலில் நீர் குறைந்து, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமே குறைந்திருக்கும் நேரத்தில், இந்த மாத்திரைகள் அதை இன்னும் குறைக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இன்னும் ஆபத்து. “ரேஸுக்கு முந்தின வாரம் மூட்டுல ஒரு ஊசி போட்டுக்கலாமா?” என்றும் கேட்கிறார்கள். வலியை மறைக்கத்தான் என்றால் வேண்டாம். நீ கேப் போட்டுக்கொள்வதில் தவறில்லை, ஆனால் தொடைத் தசை செய்யவேண்டிய வேலையை அது செய்யாது.

வலி இருந்தால் ஓடவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. பத்துக்கு மூன்றைத் தாண்டாத வலி, ஓட ஓட அதிகமாகாத வலி, மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது பழைய நிலைக்கு வந்துவிட்ட வலி என்றால் ஓடலாம். மறுநாளும் நொண்டினால் முந்தைய நாள் தூரம் அதிகம், குறையுங்கள். பாலத்து இறக்கத்தில் நீளக் காலடி வைத்துப் பாயாதீர்கள். நிமிடத்துக்கு 160 காலடி வைப்பவர் அதே வேகத்தில் 168 வைத்துப் பார்த்தால், முழங்காலில் விழும் பாரம் குறையும். வாரம் இரண்டு நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு ஸ்குவாட், படி இறங்கும் பயிற்சி, பிரிட்ஜ் (மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது), குதிகால் தூக்கல். பத்து நிமிடம் ஒப்புக்குச் செய்வது போதாது. கடைசி இரண்டு முறை கஷ்டப்பட்டுத்தான் தூக்க வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், டிசம்பர் கடைசியில் வந்து கேட்டால் என்னிடம் மந்திரம் இல்லை.

ஓடிய சில மணி நேரத்தில் முட்டி வீங்கினால், மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால், நடக்கும்போது திடீரென்று மடங்கினால், இரவில் தூக்கத்தைக் கெடுத்தால், எலும்பின்மேல் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் வலித்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். வீக்கத்தோடு காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே போங்கள். பெண்களுக்கு ஒரு வேண்டுகோள்: எடையைக் குறைக்கச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே தூரத்தைக் கூட்டுகிறீர்கள், மாதவிடாயும் தள்ளிப்போகிறது என்றால், ‘பயிற்சியால்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். எலும்பில் விரிசல் விழும் வழி அது.

அந்த ஐடி ஊழியர் இந்த முறை முழு மாரத்தான் ஓடப்போவதில்லை. 21 கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ள ஒரு வாரம் வாதாடிவிட்டுச் சம்மதித்தார். வலி தொடர்ந்தால் அதையும் நடந்து முடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் முழங்கால் வலி என்றால் டிசம்பர் வரை காத்திருக்காமல் முதல் வாரத்திலேயே வாருங்கள். வரும்போது அரைக்கால் டவுசர், ஓடித் தேய்ந்த பழைய ஷூ, கடந்த மூன்று மாத ஓட்டக் கணக்கு மூன்றும் வேண்டும். எம்ஆர்ஐ எடுக்கவேண்டுமா என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.