வைஃபை விட்டு விட்டு வருகிறதா? கார்டை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

மதுரையில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 11 அங்குலம், 12 அங்குலம் என்று கைக்கடக்கமான லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிற பலரும் நோயோடு மருந்தையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். “வைஃபை நிக்கவே மாட்டேங்குதுண்ணே. கார்டு போயிருச்சுபோல, மாத்திக் குடுத்துருங்க.” அவர்கள் சொல்லும் கார்டு, லேப்டாப்புக்குள் வைஃபையைப் பிடிக்கும் சின்னப் பலகை. அதை விற்றால் எனக்கு லாபம்தான். ஆனால் அது அவ்வளவு சீக்கிரம் போகிற சாமான் இல்லை. அப்படியே போனாலும் பெரும்பாலும் ஒரேயடியாகப் போய்விடும். விண்டோஸில் உள்ள பாகங்களின் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் அதன் பெயரே இருக்காது. வருவதும் போவதுமாக இருக்கிற கனெக்‌ஷனுக்குக் காரணம் வேறு எங்கேயோ இருக்கும்.

லேப்டாப்புக்குள் இருக்கலாம். லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கலாம். ரவுட்டரிலேயே இருக்கலாம். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் லைனிலும் இருக்கலாம். எந்த இடம் என்று தெரிந்துகொள்ளாமல் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவதும், சிக்னலை நீட்டும் ரிப்பீட்டர் வாங்கி மாட்டுவதும் தண்டச் செலவு. கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது.

விண்டோஸில் கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலான கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் ஒரு எண் வரும். அதுதான் உங்கள் ரவுட்டர். இப்போது அருகருகே இரண்டு கறுப்பு ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் அந்த எண்ணுக்கும் மற்றதில் 8.8.8.8 என்ற கூகுள் எண்ணுக்கும் பிங் (ping) ஓட விடுங்கள். அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் கட்டளை அது. எண்ணுக்குப் பின்னால் இடைவெளி விட்டு ஹைபன், டி (-t) போட்டால் நிற்காமல் ஓடும். வழக்கமான வேலையைப் பார்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் கவனியுங்கள். பக்கத்து அறையில் இருக்கும் ரவுட்டருக்குப் போய்த் திரும்ப 2, 3, 5 மில்லி செகண்ட் போதும். அந்த எண் திடீரென்று 400, 900 என்று எகிறினாலோ, ‘ரிக்வஸ்ட் டைம்டு அவுட்’ என்று வரிசையாக விழுந்தாலோ சிக்கல் வீட்டுக்குள்தான். ரவுட்டர் ஜன்னல் ஒழுங்காக ஓட, 8.8.8.8 மட்டும் விழுகிறதா? உங்கள் லேப்டாப்பின் மேல் ஒரு தப்பும் இல்லை. லைன்காரரைக் கூப்பிடுங்கள்.

கூப்பிடுவதற்கு முன் ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று ஒரு பார்வை. எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை என்று அர்த்தம். கம்பத்தில் அறுந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம். பல வீடுகளில் பெட்டிக்குப் பின்னால் போகும் அந்த மெல்லிய மஞ்சள் ஒயரை ஆணியில் மடக்கிச் சொருகி வைத்திருப்பார்கள், அல்லது பீரோவைத் தள்ளும்போது நசுங்கியிருக்கும். ஃபைபர் ஒயருக்கு மடிப்பு ஆகாது. இன்னொன்று, லைன் கம்பெனியின் கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடி, முதலில் வருகிற எண்ணுக்கு அடிக்காதீர்கள். பில்லில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கே அடியுங்கள். போலி எண்ணில் பேசுகிறவன் ஏதாவது ஆப்பை இறக்கச் சொல்லித் திரையைப் பார்த்துக்கொண்டே வங்கிக் கணக்கைக் காலி செய்துவிடுவான். மாட்டிக்கொண்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

ரவுட்டரின் எல்லா விளக்கும் ஒரு நொடி அணைந்து மறுபடி வரிசையாக எரிகிறது என்றால் ரவுட்டர் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. அனேகமாக அதன் 12 வோல்ட் அடாப்டர் தளர்ந்திருக்கும். இரவெல்லாம் சும்மா இருக்கும்போது தாக்குப்பிடிக்கும், எல்லாரும் வீடியோ பார்க்க உட்காரும்போது படுத்துவிடும். அதே வோல்ட்டில், ஆம்பியர் குறையாத புது அடாப்டர் போட்டால் தீர்ந்தது.

சரி, பிங் வீட்டுக்குள்தான் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே வரும் கேள்வி: “போன்ல நல்லா வருதே சார்?” இதை வைத்து லேப்டாப்பின் மேல் பழி போடுவதில் ஒரு சூட்சுமம் ஒளிந்திருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் வைஃபை மந்தமானால் சொல்லாமல் கொள்ளாமல் சிம் கார்டின் டேட்டாவுக்குத் தாவும் வசதி உண்டு. நீங்கள் வைஃபையில் பார்ப்பதாக நினைக்கும் வீடியோ உண்மையில் மொபைல் டேட்டாவில் ஓடிக்கொண்டிருக்கும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, லேப்டாப் இருக்கிற அதே மேஜையில் போனை வைத்துப் பாருங்கள். அப்போதும் போனில் ஒழுங்காக வந்தால்தான் அது நியாயமான ஒப்பீடு.

அப்படியும் போன் ஜெயிக்கலாம். விலை குறைந்த சின்ன லேப்டாப்புகள் பலவற்றில் இருப்பது ஒரே ஒரு ஆன்டெனா, கார்டும் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்தான் பேசும். போன் 5 கிகாஹெர்ட்ஸில் காலியான பாதையில் போய்க்கொண்டிருக்க, லேப்டாப் மட்டும் சித்திரைத் திருவிழா அன்று மாசி வீதிக்குள் ஆட்டோ ஓட்டுவது மாதிரி நெரிசலில் திணறும். 2.4-இல் நம் நாட்டில் 13 சேனல் இருந்தாலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் நிற்பவை 1, 6, 11 மூன்றுதான். அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டு ரவுட்டரும் அந்த மூன்றுக்குள் அடித்துக்கொள்கின்றன. ப்ளூடூத் ஹெட்போனும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்து, மூன்றில் கூட்டம் குறைந்த சேனலை ரவுட்டரில் நீங்களே நிலையாக வைத்துவிடுங்கள். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 40 வைத்தால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால், கூட்டமான தெருவில் அது செல்லாது.

லேப்டாப்பில் 5 கிகாஹெர்ட்ஸும் உண்டு என்றால் இரண்டு அலைவரிசைக்கும் ரவுட்டரில் தனித்தனிப் பெயர் கொடுத்துவிடுவது என் வழக்கம். ஒரே பெயராக இருந்தால் சில கார்டுகள் இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலிலும் வீடியோ கால் ஒரு கணம் உறையும். 5-க்குச் சுவரைத் தாண்டும் சக்தி குறைவு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டு வந்துவிட்டால் 2.4-க்கே திரும்பிவிடலாம். ரவுட்டரை டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவின் தலையிலோ பரணுக்குள்ளோ வைத்துவிட்டு சிக்னல் இல்லை என்று புலம்புகிறவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

இனி லேப்டாப்புக்குள் வருவோம். என் மேஜைக்கு வருகிறவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஹிஞ்ச், அதாவது மூடியைத் தாங்கும் கீலின் பழுது. ஆன்டெனா இருப்பது கீழே கீபோர்டு பக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான மாடல்களில் அது திரைக்கு மேல், மூடியின் விளிம்பில் இருக்கும். அங்கிருந்து நூல் போன்ற ஒயர் ஹிஞ்ச் வழியாக இறங்கிக் கீழே உள்ள கார்டுக்கு வரும். மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்த ஒயர் வளைகிறது. ஒரு கல்லூரி மாணவி கொண்டுவந்த லேப்டாப்பில் பிங் ஓடவிட்டு மூடியை மெல்லச் சாய்த்தேன். நேராக நிற்கும்போது 3 மில்லி செகண்ட். கொஞ்சம் பின்னால் சாய்த்ததும் 600, அப்புறம் டைம்டு அவுட். முன்னால் கொண்டுவந்தால் மறுபடி 3. “அண்ணே, இதைப் பார்த்துத்தான் நான் பேய் புடிச்சிருக்குன்னு நெனச்சேன்” என்றது அந்தப் பிள்ளை. அடிமூடியைக் கழற்றினால், ஹிஞ்ச் உடைந்து பிளாஸ்டிக் பெயர்ந்த இடத்தில் ஒயரின் தோல் உரிந்து உள்வலை வெளியே தெரிந்தது. கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒயரும் ஹிஞ்சும் மாற்றியதோடு சரி.

வேறு எங்கேயாவது பேட்டரி, எஸ்எஸ்டி, கீபோர்டு மாற்றிவிட்டு வந்த பிறகு வைஃபை கெட்டதென்றால் முதல் சந்தேகம் அந்த ஒயரின் முனை மேல்தான். கார்டின் ஓரத்தில் கடுகை விடக் கொஞ்சம் பெரிதாகத் தங்கநிறப் பொத்தான் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஒயர் முனையை அதன்மேல் நேராக வைத்து அழுத்தினால் ‘டிக்’ என்று உட்காரும். அவசரத்தில் அரைகுறையாக உட்கார வைத்தால் ரவுட்டர் பக்கத்தில் நன்றாக வரும், அடுத்த அறைக்குப் போனால் செத்துவிடும். இந்த முனைகளைச் சுமார் 30 தடவை மாட்டிக் கழற்றலாம் என்றுதான் தயாரிப்பாளர்களே கணக்கு வைத்திருக்கிறார்கள், ஆகவே சும்மா சும்மா கழற்றிப் பார்க்காதீர்கள்.

அடுத்தது யாரும் சந்தேகப்படாத ஆள்: யூஎஸ்பி 3. ஒரு ஆடிட்டர் ஆபீஸிலிருந்து புகார், சாயங்காலமானால் ஒரு லேப்டாப்பில் மட்டும் நெட் விழுகிறது என்று. போய்ப் பார்த்தால், சாயங்காலம்தான் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைச் செருகி பேக்கப் எடுக்கிறார்கள். யூஎஸ்பி 3 வேகத்தில் தரவு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளம்பும் என்று இன்டெல் 2012-லேயே ஒரு அறிக்கை வெளியிட்டிருக்கிறது. பெரிய லேப்டாப்பில் போர்ட்டும் ஆன்டெனாவும் தள்ளித் தள்ளி இருக்கும். 11 அங்குலப் பெட்டிக்குள் அந்தத் தூரத்துக்கு எங்கே போவது? டிஸ்க்கை நல்ல உறை போட்ட கேபிளில் ஓரடி தள்ளி வைக்கச் சொன்னேன், லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டேன். ஒயர்லெஸ் மௌஸ் துள்ளித் துள்ளி ஓடுவதும் இதே காரணத்தால் இருக்கலாம். அதன் குட்டி ரிசீவரை எதிர்ப்பக்கப் போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

சார்ஜர் போட்டிருக்கும்போது ஒழுங்காக ஓடி, பேட்டரியில் மட்டும் அறுந்தால் மின்சிக்கன ஏற்பாடு. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், சாதனத்தை அணைத்து மின்சாரம் மிச்சப்படுத்த அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். புது மாடல்கள் சிலவற்றில் அந்தப் பகுதியே தெரியாது. அங்கே பேட்டரி சேவரை அணைத்து வைத்துப் பார்ப்பதுதான் வழி.

விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாளிலிருந்து தகராறு என்றால், கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் டிரைவர் மென்பொருள்தான் காரணம். டிவைஸ் மேனேஜரில் அதே அடாப்டரின் டிரைவர் பகுதியில் ரோல் பேக் என்ற பொத்தான் இருக்கும், பழைய டிரைவருக்குத் திரும்பலாம். இல்லையென்றால் லேப்டாப் கம்பெனியின் தளத்திலேயே உங்கள் மாடலுக்கான டிரைவரை எடுங்கள். ஒரே சொடுக்கில் எல்லா டிரைவரையும் புதுப்பிக்கிறேன் என்று வரும் சாஃப்ட்வேர்களைத் தொடவே வேண்டாம். இல்லாத குப்பையெல்லாம் கூடவே வரும். ‘வைஃபையே இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது?’ என்றால், போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள், லேப்டாப்புக்கு நெட் வந்துவிடும்.

புது ரவுட்டர் வந்த அன்றிலிருந்து பழைய லேப்டாப்பில் பெயரே தெரியவில்லை என்கிற புகாரும் உண்டு. வைஃபை 6 ரவுட்டரின் அறிவிப்பைப் பழைய டிரைவர் போட்ட சில இன்டெல் கார்டுகளால் பார்க்க முடியாது என்று இன்டெல்லே சொல்லி, டிரைவரைப் புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறது. பெயர் தெரிந்தும் ஒட்டவில்லையென்றால் ரவுட்டரில் பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள், டபிள்யூபிஏ2-க்கு மாற்றினால் பழையது ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய லேப்டாப்பில் மட்டும் வீட்டு வைஃபை சில நாள் தெரியும், சில நாள் தெரியாது என்று ஒரு பெரியவர் வந்தார். அந்த ஊர்க் கார்டுகள் பலவும் 11-ஆம் சேனலோடு நின்றுவிடும். ரவுட்டர் ஆட்டோவில் 12, 13-க்குப் போன நாட்களில் அந்த லேப்டாப்புக்கு அது கண்ணுக்கே தெரியாது. ரவுட்டரை 6-இல் நிறுத்தினோம், முடிந்தது.

இவ்வளவும் பார்த்தபிறகு கார்டுதான் என்று உறுதியானால் மாற்றுங்கள். ஆனால் வாங்கும் முன் அடிமூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மெலிந்த சின்ன லேப்டாப்புகள் பலவற்றில் கார்டு போர்டிலேயே பற்றவைத்திருக்கும், மாற்றவே முடியாது. கழற்றக்கூடியதாக இருந்தாலும் இன்டெல் ஏஎக்ஸ்201 போன்ற கார்டுகள் அதற்கேற்ற இன்டெல் போர்டில்தான் வேலை செய்யும். விலை குறைவாக இருக்கிறதே என்று ஆன்லைனில் அதை வாங்கி, பழைய லேப்டாப்பில் போட்டு, ‘இதுவும் போச்சு’ என்று வருகிறவர்கள் உண்டு. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 வகையில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் சில பழைய மாடல்களின் பயாஸ் (லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருள்), கம்பெனி அனுமதித்த கார்டைத் தவிர வேறு எதையும் ஏற்காது.

பற்றவைத்த கார்டு போனால், யூஎஸ்பி போர்ட்டில் செருகும் வைஃபை டாங்கிள்தான் கதி. இரண்டு அலைவரிசையும் உள்ளதாக வாங்குங்கள். நகக்கண் அளவு நானோ டாங்கிள் பார்க்க அழகு, சிக்னல் பிடிப்பதில் சுமார். சின்ன ஆன்டெனா நீட்டிக்கொண்டிருப்பதை எடுத்து, ஹார்டு டிஸ்க் செருகும் போர்ட்டுக்கு எதிர்ப்பக்கம் மாட்டுங்கள்.