மரச்சட்டம் வரையும் முன் நாரைக் கையில் எடுங்கள்

பிரம்பு முதுகு வைத்த நாற்காலி, கோரைக் கயிறு பின்னிய பெஞ்ச், ஆகாயத்தாமரைத் தண்டில் சோபா என்று இயற்கை நார் மறுபடியும் வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது. சீக்கிரமே தொய்ந்தும் போகிறது. பழி நாரின்மேல் விழுந்தாலும் கோளாறு பெரும்பாலும் நாரைத் தாங்கும் மரச்சட்டத்தில்தான். கணினியில் வரைந்து, தச்சரிடம் சட்டத்தைச் செய்து வாங்கி, கடைசியில் பின்னுபவரிடம் நீட்டினால் அவர் என்னதான் செய்வார்?

பிரம்புப் பட்டையை வெதுவெதுப்பான நீரில் 15-20 நிமிடம் ஊறவைத்துப் பின்னுகிறோம். காயும்போது அது சுருங்கிச் சட்டத்தை நாலா பக்கமும் உள்ளே இழுக்கும். ஆட்கள் உட்காரும் எடை வேறு. ஆணியையோ திருகையோ மட்டும் நம்பிய மூலை இதைத் தாங்காது. ஒரு கட்டையின் நுனியைச் செதுக்கி மற்றதன் துளையில் செருகும் கழுந்து-துளை இணைப்பு வேண்டும்.

கையால் பின்னும் இருக்கைக்குச் சட்டத்தில் துளையிட வேண்டும். 2.5 மி.மீ. பட்டைக்குச் சுமார் 5 மி.மீ. துளை, மையத்துக்கு மையம் 16 மி.மீ.; 3 மி.மீ. பட்டைக்கு 6 மி.மீ. துளை, 19 மி.மீ. இடைவெளி. துளைகள் உள்விளிம்பிலிருந்து 12 மி.மீ.யாவது தள்ளியிருக்கட்டும். நெருங்கினால் தபால்தலை ஓரம்போல மரம் அந்த வரிசையிலேயே பிளந்துகொள்ளும். சதுர இருக்கையில் எதிரெதிர்ச் சட்டங்களின் துளை எண்ணிக்கை ஒன்றாக இருப்பது முக்கியம். பின்னல் ஏழு சுற்று. நெடுக்கு, குறுக்கு, மறுபடி நெடுக்கு, அதனூடே குறுக்கு என நாலாம் சுற்று வரை எல்லாம் சரியாகப் போவதுபோல் தெரியும். மூலைவிட்ட இழைகள் ஓடும் ஐந்தாம், ஆறாம் சுற்றில்தான் கணக்குப் பிசகியது தெரியும். அதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். ஏழாவது, விளிம்புக் கட்டு.

ஆயத்த பிரம்பு வலை வேறு கதை. சட்டத்தில் காடி (நீளவாக்கில் ஒரு பள்ளம்) எடுத்து, நனைத்த வலையை அதில் அழுத்தி, மேலே பிரம்புப் பட்டியைப் பசையிட்டு அடிக்கிறோம். காடியின் மூலைகளைச் சற்று வளைவாக விடுங்கள். கூரான மூலையில் பட்டி மடங்கி உடையும். வெள்ளை மரப்பசை போதும். வலுவாக இருக்கட்டும் என்று எபாக்ஸி பசை போட்டால், பின்னாளில் வலை மாற்றும்போது காடியையே உளியால் கொத்த வேண்டிவரும். எங்களைக் கேட்டால், இந்த வலை நாற்காலி முதுகுக்கும் அலமாரிக் கதவுக்கும்தான். அகலமான இருக்கைக்குக் கைப்பின்னலே நல்லது.

வடிவமைப்பாளர் மார்செல் பிராயரின் 1928ஆம் ஆண்டு பிரம்பு நாற்காலியை இந்தக் கண்ணோடு பாருங்கள். எஃகுக் குழாயில் பிரம்பு நேராகக் கட்டப்படவில்லை. பின்னல் தனி மரச்சட்டத்தில் இருக்கிறது, அந்தச் சட்டம் குழாயில் திருகப்பட்டிருக்கிறது. பின்னல் போனால் சட்டத்தை மட்டும் கழற்றலாம். புது வடிவமைப்புகளில் இந்த ஒன்றை ஏன் மறந்துவிடுகிறார்கள் என்பது புரிவதில்லை.

கயிறு பிரம்புக்கு நேரெதிர். கோரையோ தென்னையோ வாழையோ, எடை ஏற ஏற நீளும். கயிற்றுக் கட்டிலின் கால்மாட்டில் இழுத்துக் கட்டும் கயிறு அதற்காகத்தான். பெஞ்சிலும் இருக்கைக்கு அடியில் அப்படியொரு இழுகயிறு மறைவாக வைக்கலாம். கயிறு சுற்றும் விளிம்பை நன்றாக உருட்டிவிடுங்கள். கூர்விளிம்பு ஒவ்வொரு முறை உட்காரும்போதும் இழையை அறுக்கும். 6 மி.மீ. கயிறு சட்டத்தைச் சுற்றினால் மேலும் கீழுமாகக் குறைந்தது 12 மி.மீ. கூடும். வரைபடத்தில் இதைச் சேர்க்காததால் கால்களுக்குமேல் துருத்தி நிற்கும் இருக்கைகள் ஏராளம்.

ஆகாயத்தாமரைத் தண்டு பஞ்சுபோல ஈரம் குடிக்கும். முழுக்கக் காயாமல் பின்னினால் பூஞ்சை நிச்சயம். வெயிலும் மழையும் படும் இடத்துக்கு அது ஆகாது.

பிரம்பின் பளபளப்பான மேற்புறம் நீரை ஏற்காது, அடிப்புறம் ஏற்கும். அதனால் அடியில் வார்னிஷ் பூச வேண்டாம். லேசாகத் தொய்ந்த இருக்கையைக் கவிழ்த்து, அடிப்புறத்தில் ஈரத்துணி போட்டு நன்றாக ஊறியபின் நிழலில் காயவிட்டால் பெரும்பாலும் இறுகிவிடும். காயும்வரை யாரும் உட்காரக் கூடாது. இழை அறுந்திருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. புதிதாகப் பின்னத்தான் வேண்டும்.