ஸ்லிங்கின் நுரை

புதுச்சேரியில் பல மேசைகளுக்கு ‘சிங்கப்பூர் ஸ்லிங்’ என்ற காக்டெய்லின் பெயரில் வருவது நுரையே இல்லாத சிவப்பு ஜூஸ்தான். நுரை இல்லாவிட்டால் பாதி ஸ்லிங் போச்சு.

பிறந்த இடமாகச் சொல்லப்படுவது சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலின் லாங் பார். சார்க்கீஸ் சகோதரர்கள் 1887இல் தொடங்கிய ஹோட்டல் அது. அங்கே வேலை பார்த்த ஹைனான் சீனர் ஙியாம் டோங் பூன் 1915இல் இதைக் கலந்தார் என்கிறது ஹோட்டல். பெண்கள் பொது இடத்தில் மது குடிக்க முடியாத காலம். பழச்சாறு போலத் தெரியத்தான் இந்த நிறமாம். ஆனால் 1922இல் லண்டனில் அச்சான , இதன் முன்னோடியாகக் கருதப்படும் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்லிங்’ செய்முறையில் ஜின், செர்ரி பிராந்தி, பெனடிக்டைன் என்ற மூலிகை மது, எலுமிச்சை எல்லாம் உண்டு, அன்னாசி இல்லை; மேலே சோடா. அன்னாசி பிற்பாடு ஏறியிருக்கலாம். ஏறியதும் நல்லதுக்குத்தான்.

ஹோட்டல் நெடுங்காலம் சொல்லிவந்த அளவு: ஜின் 30 மில்லி, செர்ரி லிக்கர் (இனிப்பு மது) 15, கோயிந்த்ரோ (ஆரஞ்சு லிக்கர்) 7.5, பெனடிக்டைன் 7.5, அன்னாசிச் சாறு 120, எலுமிச்சைச் சாறு 15, மாதுளை சிரப் 10, அங்கோஸ்துரா என்ற கசப்புச் சாரம் சில சொட்டு. மாதுளைக்குப் பதில் ரோஸ் சிரப் விட்டால் நிறம் வரும், கூடவே ரோஸ்மில்க் வாசனையும் வரும். இனிப்பை நம்பி ஏமாற வேண்டாம்: ஒரு கிளாஸில் இருக்கும் ஆல்கஹால் ஒரு லார்ஜுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

நுரை அன்னாசியின் வேலை. நாக்கை அரிக்கும் புரோமலைன் நொதி உட்பட அதன் புரதங்கள், குலுக்கும்போது குமிழியின் மேல் ஒட்டிப் படலமாகி அதை உடையாமல் பிடிக்கின்றன. டெட்ரா பேக் சாற்றைச் சூடாக்கி, வடிகட்டி அடைப்பதால் அந்தப் புரதம் கெட்டும் குறைந்தும் போகிறது. பழத்தை அரைத்து டீ வடிகட்டியில் வடித்தால் போதும். துணியில் பிழிய வேண்டாம். நுரைக்குக் காற்றும் வேண்டும். மொத்தம் 205 மில்லி, ஐஸ் 200 கிராம். 500 மில்லி ஷேக்கரில் இவையே அடைத்துக்கொள்ளும். 750 மில்லி ஷேக்கர் எடுத்து 15 நொடி பலமாகக் குலுக்கி, உடனே ஊற்ற வேண்டும். நின்றால் நீர் கீழே வடிந்து குமிழி பெருத்து உடையும்.

நம்மூர் வெயிலில் இன்னொரு வம்பு. எல்லாம் 30 டிகிரியில் இருந்தால், 0 டிகிரிக்கு இறக்கவே சுமார் 75 கிராம் ஐஸ் உருகும், ஸ்லிங் தண்ணீராகிவிடும். சாற்றை மட்டும் பிரிட்ஜில் 5 டிகிரிக்குக் குளிர்வித்தால் அது சுமார் 36 கிராமாகக் குறையும். ஐஸில் ஒட்டிய ஈரத்தையும் உதறிவிட்டே போடவும். கடலூர் துறைமுகத்தில் மீனுக்கு உடைக்கும் பாளம் ஐஸ் மலிவுதான், ஆனால் அது கிளாஸுக்கு ஆகாது.